செய்தியை யார் எழுதினால் என்ன?

அடுத்த கேள்வியை அமெரிக்காவில் இதழியல் படிக்கும் ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். "செய்தி என்றால் உண்மை. அதை யார் எழுதினால் என்ன? கறுப்பின, லத்தீனோ, ஆசிய, பூர்வகுடி மாணவர்களுக்காக இதழியல் கல்லூரிகள் தனியாக ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று கேட்கிறார்.

மனதில் இருப்பதை ஒளிக்காமல் கேட்டதற்கு நன்றி. ஆனால் இந்தப் படிப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்து வந்தது என்று வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அப்படிக் கிடைக்கவில்லை.

மிசௌரி பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி 1908-இல் தொடங்கியது, பெரிய பெயர் பெற்ற இடம். 1939-இல் லூசில் புளூஃபோர்டு அங்கே முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தார். ஏற்கெனவே இதழியல் பட்டதாரி, கேன்சஸ் சிட்டியின் கறுப்பினப் பத்திரிகையான 'தி கால்'-இல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். இடம் கிடைத்துவிட்டது. சேர்வதற்காக நேரில் போய் நின்றபோதுதான் அவர் கறுப்பினத்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை, நீதிமன்றம் போனார். கடைசியில் பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? அந்த முதுகலைப் படிப்பையே நிறுத்தியது. போர்க்காலம், மாணவர்களும் ஆசிரியர்களும் போதவில்லை என்று காரணம் சொன்னது. அதே பல்கலைக்கழகம்தான் 1989-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஐம்பது வருடம் கழித்து!

சரி, அது பழைய கதை, இப்போது யார் எழுதினாலும் உண்மை உண்மைதானே என்பீர்கள். 1967-இல் அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் கலவரம் வெடித்தபோது, காரணத்தை ஆராய அதிபர் லிண்டன் ஜான்சன் ஓர் ஆணையத்தை அமைத்தார், கெர்னர் ஆணையம் என்பார்கள். அதன் அறிக்கை 1968-இல் வந்தது. ஓர் அத்தியாயம் முழுக்கப் பத்திரிகைகளைப் பற்றித்தான். அந்த ஆணையம் செய்தியாளர்களைப் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லப் பெரும்பாலும் முயன்றார்கள் என்றே சொன்னது. ஆனால் கலவரத்துக்கு முந்தைய வருடங்களில் அந்தக் கறுப்பின மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்காகக் கொதித்தார்கள் என்பதைப் பத்திரிகைகள் போதிய அளவு எழுதவில்லை. செய்தித்துறையின் எழுத்துப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு, முடிவெடுக்கும் பொறுப்புகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் அது எழுதியது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. அச்சில் வந்த வரி உண்மையாகவே இருக்கலாம். எது செய்தி, யாரைப் போய்க் கேட்பது என்பதை ஒரே மாதிரி ஆட்களே முடிவு செய்தால், பாதி ஊர் அச்சில் வராது.

அப்புறம் 1978-இல் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் 2000-ஆம் ஆண்டுக்குள் சிறுபான்மை இனத்தவருக்கு மக்கள்தொகையில் உள்ள விகிதம் செய்தி அறையிலும் இருக்கும் என்று இலக்கு வைத்தது. நடக்காது என்று தெரிந்ததும் 1998-இல் கெடுவை 2025-க்குத் தள்ளினார்கள்.

இப்போது கல்லூரிகளுக்கு வருகிறேன். சீட் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய கோளாறு. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கிலோ வாஷிங்டனிலோ மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்க்க யாரால் முடியும்? வாடகையை வீட்டில் இருந்து அனுப்பினால் முடியும். அதிலும் அந்த வேலை படிப்பில் கணக்காக வேண்டுமென்றால், அதாவது கிரெடிட் வேண்டுமென்றால், பல இடங்களில் மாணவரே கல்லூரிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அதாவது, இலவசமாக உழைக்கக் காசும் கொடுக்க வேண்டும். திறமையான பிள்ளைகள் உதிர்ந்துபோவது இங்கேதான். இதைச் சரிசெய்யாமல் பன்மைத்துவம் பற்றி விழா நடத்துவதை என்னால் ஏற்க முடியாது.

வகுப்புக்குள்ளும் ஒன்று உண்டு. இனம் பற்றிப் பேச்சு வந்ததும் எல்லாத் தலையும் ஒரே மாணவியின் பக்கம் திரும்பும். "உங்கள் சமூகம் என்ன நினைக்கிறது?" என்று ஆசிரியர் கேட்பார். அந்தப் பெண் செய்தி எழுதக் கற்க வந்தவள், யாருக்கும் பிரதிநிதியாக வரவில்லை. அவளுக்குப் பங்குச்சந்தையில் ஆர்வம் இருக்கலாம், விளையாட்டில் இருக்கலாம். அதையும் எழுத விடுங்கள். இனம் பற்றிய செய்தியை எல்லா மாணவர்களும் எழுதக் கற்கட்டும்.

நீங்கள் இந்தப் பருவத்தில் எழுதிய செய்திகளை எடுத்து, யார் யாரிடம் பேசினீர்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். எத்தனை பேர் போலீஸ், எத்தனை பேர் அதிகாரிகள், எத்தனை பேர் அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். முடித்ததும் அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், அடுத்த பதிவில் அதை வைத்தே பேசலாம்.