கீழடியின் கூரை ஓடுகள்

வணக்கம் நேயர்களே. கீழடி என்றதும் பானையில் கீறிய எழுத்தும், கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்கிற கணிப்பும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பெரிய விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் என் மனம் போய் நிற்பது அங்கே கிடைத்த கூரை ஓடுகளிடம்.

சிவகங்கை மாவட்டத்தில், வைகைக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே நடந்த அகழாய்வு அது. செங்கல் சுவர்கள் வந்தன, உறைகிணறுகள் வந்தன, கூடவே ஓடுகளும் வந்தன. அந்த ஓட்டின் மேல்பக்கத்தைப் பாருங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே விரலால் அழுத்தி இழுத்த தடங்கள் தெரியும். மழைத்தண்ணீர் நிற்காமல் வழிந்து இறங்குவதற்காகச் செய்தது. இரண்டு துளைகளும் உண்டு. மரச்சட்டத்தோடு கயிறு போட்டுக் கட்டுவதற்கு.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடிக் காற்றில் ஓடு நழுவும். ஐப்பசியில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைப்போம். எங்கள் ஊரில் ஓடு பிரித்து மேய ஒரு பெரியவர் வருவார். வந்ததும் கூரையில் ஏறமாட்டார். வீட்டைச் சுற்றி வந்து, சுவரில் எங்கே பாசி பிடித்திருக்கிறது, எங்கே மண் கரைந்திருக்கிறது என்று பார்ப்பார். "மழை பெஞ்சா வீடு விழாதுய்யா, தண்ணி நின்னாத்தான் விழும்" என்பார். அப்புறம்தான் ஏணியைக் கேட்பார். நாட்டு ஓட்டை ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு ஏற்றி வைக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். கீழடியில் விரலால் தடம் இழுத்தவருக்கும் அதே கவலைதான், தண்ணீர் நிற்கக்கூடாது.

திரும்பவும் சொல்கிறேன், தண்ணீர்தான் விஷயம். உறைகிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றோர மணலில் கிணறு தோண்டினால் பக்கம் சரியும். அதனால் சுட்ட மண் வளையங்களை அடுக்கி இறக்கினார்கள். நாம் இன்று சிமெண்ட் உறை இறக்குகிறோம். அன்று தொட்டு இன்றுவரை அறுபடாமல் வந்த வித்தை என்று நான் சாதிக்கமாட்டேன், அதற்குச் சான்று வேண்டும். ஆனால் மண்ணும் மழையும் கேட்கிற கேள்வி மாறவில்லை.

அதே மாவட்டத்தில்தான் செட்டிநாட்டின் பெரும்பகுதியும் இருக்கிறது. 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியில் கட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. அந்த வீடுகளில் நாலு பக்கத்துக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரியும். விழுகிற மழை முற்றத்துக்கு வந்து...

சரி, நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். செட்டிநாட்டுச் சுவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுண்ணாம்பில் கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, அரைத்து அரைத்து, பல பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார் உங்கள் பக்கத்தில் இன்னும் இருந்தால், பக்கத்தில் ஒரு இளைஞரை உட்கார வைத்து, கொத்தனார் சுண்ணாம்பைப் புளிக்க வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வணக்கம்.