சொந்தக் கட்சிக்காரர் தட்டிக் கேட்கும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

1856-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி, வாஷிங்டன். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அன்றைய அலுவலை முடித்துக் கலைந்துவிட்டது. மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் தன் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அடிமை முறையை எதிர்த்து அவர் அந்த வாரம் பேசிய நீண்ட உரை அச்சாகி வந்திருந்தது. தபாலில் அனுப்புவதற்காக அதன் பிரதிகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தென் கரோலினாவைச் சேர்ந்த பிரஸ்டன் புரூக்ஸ் என்ற, கீழவையான பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் கைத்தடியோடு உள்ளே வந்தார். அங்கே ஒரு பெண்மணி இன்னும் இருந்தார். அவர் எழுந்து போகும்வரை புரூக்ஸ் காத்திருந்தார். அப்புறம் சம்னரை நெருங்கி, உங்கள் உரையைக் கவனமாக இரண்டு முறை படித்தேன், அது என் மாநிலத்தின் மீதும் என் உறவினர் மீதும் சுமத்திய அவதூறு என்று சொல்லிக்கொண்டே தலையில் அடிக்கத் தொடங்கினார்.

சம்னரின் கால்கள் மேசைக்கு அடியில் மாட்டிக்கொண்டன. அது தரையோடு சேர்த்துப் பொருத்திய மேசை. ரத்தம் கண்ணை மறைக்க, எழுந்திருக்கத் திமிறியதில் மேசையே தரையிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டது. தடி உடைந்து துண்டு துண்டான பிறகும் அடி நிற்கவில்லை.

கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்திய காலத்தில் இந்தச் சம்பவத்தை ஆண்டுதோறும் சொல்வேன். ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துவது அந்தக் காத்திருப்புதான். ஒரு பெண்மணி முன்னால் கையை ஓங்கக் கூடாது என்ற மரியாதை அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரும் மனிதர் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

சம்னர் பேசியதிலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடிமை முறை பற்றி அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அதே உரையில், அன்று அவைக்கு வந்திராத, புரூக்ஸின் உறவினரான முதிய செனட்டர் ஆண்ட்ரூ பட்லரின் பெயரைச் சொல்லி இழித்தார். பேசும்போது அவர் வாயிலிருந்து எச்சில் தெறிப்பதைக்கூட விடாமல் குத்திக் காட்டினார். தடியடிக்கு அது நியாயம் ஆகாது. ஆனாலும் நியாயத்தின் பக்கம் நிற்கிறவருக்கு அந்த எச்சில் எதற்கு என்று எனக்குத் தோன்றாமல் இருந்ததில்லை.

சரி, புரூக்ஸுக்கு என்ன நடந்தது? நீதிமன்றம் 300 டாலர் அபராதம் போட்டது. அவரை நீக்கும் தீர்மானத்துக்கு 121 பேர் ஆதரவு, 95 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் தீர்மானம் தோற்றது. அவரே பதவியை விட்டு விலகி ஊருக்குப் போனார். ஊர் அவரைத் திரும்பவும் தேர்ந்தெடுத்து அனுப்பியது. உடைந்த தடிக்குப் பதிலாக ஆதரவாளர்கள் புதுத் தடிகளை அனுப்பிவைத்தார்கள். சம்னர் முழுமையாக அவைக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை மாசசூசெட்ஸ் அவருடைய இருக்கையைக் காலியாகவே வைத்திருந்தது.

அந்தப் புதுத் தடிகளைத்தான் நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கையோங்கியவரை எதிர்க்கட்சி எவ்வளவு கண்டித்தாலும், சொந்தக் கட்சி தட்டிக்கொடுத்துவிட்டால் அது அவருக்கு வெகுமதியாகத்தான் போய்ச் சேர்கிறது.

இப்படி நடக்கக் கூடாது என்றுதான் அங்கே விதிகள் இருக்கின்றன. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்து ‘நீ’ என்று பேசக் கூடாது. அவைத்தலைவரை நோக்கித்தான் பேச வேண்டும். சக உறுப்பினரைப் பெயர் சொல்லாமல், இந்த மாநிலத்தின் கனவான், அந்த மாநிலத்தின் சீமாட்டி என்றுதான் குறிப்பிட வேண்டும். கேட்க நாடகம் போல இருக்கும். ஆனால் கோபம் வாயிலிருந்து கிளம்பி எதிராளியைத் தொடுவதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வருகிறது. அந்தச் சுற்றிலேயே பாதி சூடு ஆறிவிடும்.

1979-இல் பிரதிநிதிகள் சபைக்குள் தொலைக்காட்சி கேமரா வந்தது. எதிரே யாரும் இல்லாத அவையில் நின்று, கேமரா வழியாக வீட்டில் இருப்பவர்களிடம் எதிர்க்கட்சியைத் திட்டலாம் என்பதை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் நியூட் கிங்ரிச். பின்னாளில் சபாநாயகர் ஆனவர். 1990-இல் அவர் தலைமையில் இயங்கிய அமைப்பு தன் கட்சி வேட்பாளர்களுக்கு ஒரு சொற்பட்டியலையே அனுப்பியது. எதிர்த் தரப்பைப் பற்றிப் பேசும்போது துரோகி, ஊழல், கேவலம் போன்ற சொற்களைப் பயன்படுத்துங்கள் என்று. வசவைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

2009 செப்டம்பரில் அதிபர் ஒபாமா அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கூட்டுக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, ஜோ வில்சன் என்ற உறுப்பினர் ‘நீ பொய் சொல்கிறாய்’ என்று கத்தினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனால் அடுத்த சில நாட்களில் அவருடைய தேர்தல் நிதிக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்து குவிந்தது. அவரை எதிர்த்து நின்றவருக்கும் அதேபோல். 2021 நவம்பரில், சக உறுப்பினர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸைக் கொல்வதுபோல் காட்டும் கார்ட்டூன் வீடியோவைப் பகிர்ந்த பால் கோசர் மீது கண்டனத் தீர்மானம் 223-க்கு 207 என்று நிறைவேறியது. அவருடைய குடியரசுக் கட்சியிலிருந்து அதை ஆதரித்தவர்கள் இரண்டே பேர். குழுக்களிலிருந்து நீக்கப்பட்ட அவருக்கு, 2023-இல் அவர் கட்சி பெரும்பான்மை பெற்றதும் குழு இடங்கள் திரும்பக் கிடைத்தன.

அவைக்குள் சொல்கிற சொல் அவைக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு எதிராக வந்த மிரட்டல்கள், கவலைக்குரிய பேச்சுகள் என்று நாடாளுமன்றக் கட்டிடமான கேபிடலின் காவல்துறை 2017-இல் விசாரித்தவை 3,939. 2021-இல் 9,625. சென்னையில் பிறந்த பிரமீளா ஜெயபால் சியாட்டிலிலிருந்து தேர்வான உறுப்பினர். 2022 ஜூலையில் ஒரு இரவு, துப்பாக்கியோடு வந்த ஒருவர் அவர் வீட்டு வாசலில் நின்று கத்தியிருக்கிறார். இன்னொரு பக்கமும் உண்டு. 2017 ஜூன் 14 அன்று பேஸ்பால் பயிற்சியில் இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர்களை, அந்தக் கட்சி மேல் வெறுப்பு கொண்ட ஒருவர் சுட்டார். ஸ்டீவ் ஸ்காலிஸ் உயிருக்குப் போராடினார். மறுநாள் நடந்த ஆட்டத்தில் ஜெயித்த ஜனநாயகக் கட்சியினர், கோப்பையை ஸ்காலிஸின் அலுவலகத்தில் வைக்கும்படி கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோப்பையை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

ஆனால் துப்பாக்கி வெடித்த பிறகு வருகிற பரிவைவிட, அதற்கு முன்பே தன் கட்சிக்காரரைத் தட்டிக் கேட்கிற துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1950 ஜூன் 1. மார்கரெட் சேஸ் ஸ்மித் மெயின் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர். அப்போது செனட்டில் இருந்த ஒரே பெண். அவைக்குப் போகும் சிறு ரயிலில் ஜோசப் மெக்கார்த்தியைச் சந்தித்தார். அரசுத் துறைகளில் கம்யூனிஸ்டுகள் என்று ஆதாரம் காட்டாமல் பெயர்களைச் சேற்றில் இழுத்துக்கொண்டிருந்த அதே மெக்கார்த்தி. இவரும் குடியரசுக் கட்சிதான். ரொம்ப தீவிரமாக இருக்கிறீர்களே, பேசப் போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம், உங்களுக்குப் பிடிக்காது என்றார் ஸ்மித்.

பதினைந்து நிமிடம்தான் பேசினார். மெக்கார்த்தியின் பெயரைச் சொல்லவே இல்லை. அச்சம், அறியாமை, சகிப்பின்மை, அவதூறு ஆகியவற்றின் மேல் ஏறி என் கட்சி வெற்றிக்குப் போவதை நான் பார்க்க விரும்பவில்லை என்றார். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட மெக்கார்த்தி பதில் பேசாமல் வெளியே போனார்.

அன்று அந்த உரையோடு அவர் முன்வைத்த அறிக்கையில் ஸ்மித்தோடு கையெழுத்திட்டவர்கள் ஆறே பேர். மெக்கார்த்தி அவரை விசாரணைத் துணைக்குழுவிலிருந்து தூக்கினார். 1954-இல் மெயினில் உட்கட்சித் தேர்தலில் அவருக்கு எதிராக ஒருவரை ஆதரித்தும் பார்த்தார். மக்கள் ஸ்மித்தையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று மெக்கார்த்தியைக் கண்டிக்கும் தீர்மானம் 67-க்கு 22 என்று நிறைவேறியது. எதிர்த்த 22 பேரும் குடியரசுக் கட்சியினர். ஆதரித்தவர்களிலும் குடியரசுக் கட்சியினர் சரியாக 22 பேர். அவர்களில் ஒருவர் மார்கரெட் சேஸ் ஸ்மித்.

வணக்கம்.