எக்செல் 3-டி சார்ட்: ஆழத்தையும் உயரத்தையும் கணக்குப் போட்டு வைப்பது எப்படி?

(திரையில்: ஒரு சர்ஃபேஸ் சார்ட், அதாவது எண்களை மேடு பள்ளமான பரப்பாக வரைகிற சார்ட். ஒரு பக்கம் பெரிய மேடு, மறுபக்கம் ஆழமான பள்ளம்.)

வணக்கம். இந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று நினைக்கிறீர்கள்? ஏதோ மலையடிவாரம் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இது 60 அடிக்கு 40 அடி உள்ள ஒரு வீட்டு மனை. உயரமான இடத்துக்கும் தாழ்ந்த இடத்துக்கும் லெவல் வித்தியாசம் மொத்தமே 3 அடிதான், நடந்து போனால் கால் கொஞ்சம் இறங்குவது தெரியும், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு மனைக்கு மண் அடித்துச் சமன் செய்வதற்கு முன்னால் ஒரு சார்ட், செய்த பிறகு ஒரு சார்ட் என்று இரண்டு போட்டு, பிரிண்ட் எடுத்து உரிமையாளரிடம் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இது: "என்ன தம்பி, இவ்வளவு லோடு மண் அடிச்சும் பள்ளம் அப்படியே இருக்கே?" எண்களில் ஒரு தப்பும் இல்லை. மண் அடித்த பிறகு வித்தியாசம் அரை அடிக்கு வந்திருந்தது. ஆனால் எக்செல் அந்த அரை அடியையும் இழுத்து நீட்டி, முந்தைய 3 அடி நின்ற அதே உயரத்துக்கு வரைந்து வைத்திருந்தது. அவருடைய கண்ணைக் குறை சொல்லவே முடியாது, படம் அப்படித்தான் சொன்னது. அதனால் இன்றைக்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் பொறுமையாகப் பார்க்கப் போகிறோம்: 3-டி சார்ட்டின் அகலம், ஆழம், உயரம் மூன்றுக்கும் உள்ள விகிதத்தை எக்செலிடம் விடாமல் நாமே முடிவு செய்வது.

(திரையில்: எக்செல் ஷீட். மேல் வரிசையில் 0, 5, 10 முதல் 60 வரை, இடது பக்கம் 0 முதல் 40 வரை.)

முதலில் ஷீட். 5 அடிக்கு ஒரு புள்ளி வைத்து லெவல் எடுத்தால், அதாவது அந்த இடத்தின் உயரத்தை அளந்தால், நீளவாக்கில் 13 புள்ளி, குறுக்கே 9 வரிசை, மொத்தம் 117 ரீடிங். மேல் வரிசையிலும் இடது ஓரத்திலும் தூரத்தை எழுதியிருக்கிறேன், இரண்டும் சந்திக்கிற மூலைக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதைக் காலியாக விட்டால்தான் எக்செல் அந்த தூரங்களைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். அங்கே ஏதாவது எழுதிவிட்டால் 5, 10, 15 எல்லாம் லெவல் ரீடிங் ஆகிவிடும்.

ஒரு ரீடிங் விட்டுப்போனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். சர்ஃபேஸ் சார்ட்டில் காலிக் கட்டம் பூஜ்யம், மனை நடுவே ஒரு கிணறு விழுந்த மாதிரி ஆகிவிடும். பக்கத்துப் புள்ளிகளின் சராசரியைப் போட்டு, அந்தக் கட்டத்துக்கு வேறு நிறம் கொடுத்து வையுங்கள். பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. சர்ஃபேஸ் சார்ட்டின் இரண்டு தரை அச்சுகளும் எக்செலுக்கு வெறும் பெயர்ப் பட்டியல்தான். 5, 10, 30 என்று நீங்கள் எழுதினாலும் மூன்றையும் சம இடைவெளியில்தான் வைக்கும். அதனால் ரீடிங்கைச் சம தூரத்தில் எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சரி, சார்ட்டைப் போட்டாயிற்று. இப்போது சார்ட்டின் காலி இடத்தில் ரைட் கிளிக், 3-டி ரொட்டேஷன். வலது பக்கம் ஒரு பலகை திறக்கும். எக்ஸ் ரொட்டேஷன், ஒய் ரொட்டேஷன், பெர்ஸ்பெக்டிவ், அப்புறம் கீழே ரைட் ஆங்கிள் ஆக்சிஸ், ஆட்டோஸ்கேல், டெப்த், ஹைட். நிறையப் பேர் மேலே இருக்கிற ரொட்டேஷனை மட்டும் திருகிவிட்டுப் பலகையை மூடிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது கீழேதான் இருக்கிறது.

(திரையில்: ஆட்டோஸ்கேல் பெட்டியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.)

ஆட்டோஸ்கேல் டிக் ஆகியிருக்கும்வரை ஹைட் பெட்டி மங்கலாக இருக்கும், அதில் எதையும் எழுத முடியாது. சார்ட் இருக்கிற சட்டத்தை நிரப்புகிற மாதிரி உயரத்தை எக்செலே தேர்ந்துகொள்ளும். நீங்கள் ரிப்போர்ட்டில் இடம் போதவில்லை என்று சட்டத்தைக் கொஞ்சம் குறுக்கினால் மனையின் மேடு பள்ளமும் சேர்ந்து மாறும். ரீடிங் ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் நிலத்தின் தோற்றம் மாறிவிட்டது! இதனால்தான் நான் 3-டி சார்ட் போட்டதும் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் அந்த டிக்கை எடுத்துவிடுகிறேன். எடுத்த பிறகு சட்டத்துக்குள் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் விழலாம், பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்காது. இருக்கட்டும். விகிதம் கெடாமல் இருக்கிறதே, அது போதும்.

ரைட் ஆங்கிள் ஆக்சிஸ் டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அது இருக்கிறவரை பெர்ஸ்பெக்டிவ் வேலை செய்யாது, ஆழத்தைச் சும்மா சாய்வாக இழுத்துத்தான் வரையும். பிறகு பெர்ஸ்பெக்டிவில் 0.1 என்று போடுங்கள். பெர்ஸ்பெக்டிவ் என்பது தண்டவாளம் தூரத்தில் போய்க் குறுகுகிற மாதிரி பின்னால் இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டுவது. புகைப்படத்துக்கு அது அழகு, ஆனால் நம் மனையில் பின் பக்கத்து 60 அடியும் முன் பக்கத்து 60 அடியும் ஒரே நீளமாகத் தெரிய வேண்டும்.

(திரையில்: டெப்த் பெட்டி. கீழே சார்ட் மெதுவாக நிமிர்ந்து, மேலிருந்து பார்க்கும் கோணத்துக்கு வருகிறது.)

இப்போது ஆழம். டெப்த், ஹைட் இரண்டுக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: அடிப்பகுதியில், அதாவது தரையின் அகலத்தில், இத்தனை சதவீதம். மேக்ரோவில், அதாவது எக்செலுக்கு நாம் எழுதிக் கொடுக்கிற சிறு நிரலில், டெப்த்துக்கு 20 முதல் 2000 வரை, ஹைட்டுக்கு 5 முதல் 500 வரை கொடுக்கலாம். மனை 60-க்கு 40, ஆக 40-ஐ 60-ஆல் வகுத்தால் 67 சதவீதம், 67 போட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பக்கம் நிறையப் புள்ளியும் மறுபக்கம் கொஞ்சம் வரிசையும் இருக்கும்போது 100 என்று போட்டாலும் தரை சதுரமாக வராமல் போகலாம். நூறு தேதிகளை வைத்து 3-டி லைன் சார்ட் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரிப்பன் நூல் மாதிரி மெலிந்து கிடக்கும்.

அதனால் அளந்து பார்த்தே வைப்போம். எக்ஸ் ரொட்டேஷனை 0 ஆக்குங்கள், ஒய் ரொட்டேஷனை 90 ஆக்குங்கள். இப்போது மனையை நேர் மேலே நின்று பார்க்கிறோம், கட்டட பிளான் மாதிரி. மேடு பள்ளம் தெரியாது, தரையின் வடிவம் மட்டும் தெரியும். அடுத்து, சார்ட்டுக்கு வெளியே ஒரு செல்லைக் கிளிக் செய்துவிட்டு, இன்சர்ட், ஷேப்ஸ் போய் ஒரு செவ்வகம் வரைந்து, அகலம் 6 சென்டிமீட்டர், உயரம் 4 சென்டிமீட்டர் என்று கொடுங்கள். உள்ளே நிறம் வேண்டாம், கோடு மட்டும் சிவப்பு. லாக் ஆஸ்பெக்ட் ரேஷியோவை டிக் செய்துவிட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் 60-க்கு 40 விகிதம் மாறாது. இதைத் தூக்கிச் சார்ட்டின் மேல் வைத்து, மூலையைப் பிடித்து இழுத்து, அகலத்தைத் தரையின் அகலத்தோடு பொருத்துங்கள். அப்புறம் டெப்த் எண்ணைக் கூட்டிக் குறைத்து, தரையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை கொண்டு வாருங்கள். எண்ணை மாற்றும்போது சில சமயம் சார்ட்டின் மொத்த அளவும் கொஞ்சம் மாறும், அப்போது செவ்வகத்தை மறுபடி பொருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று முறைக்குள் வந்துவிடும். வந்ததும் செவ்வகத்தை அழித்துவிட்டு, எக்ஸ் 30, ஒய் 25 என்று பார்வையைத் திருப்புங்கள். முன்னால் இருக்கிற மேடு பின்னால் இருக்கிற பள்ளத்தை மறைத்தால் எக்ஸ் ரொட்டேஷனை 120, 210 என்று சுற்றிப் பாருங்கள். பார்வைதான் மாறும், டெப்த் அப்படியே இருக்கும்.

(திரையில்: ஹைட் பெட்டியில் 5. சார்ட் கிட்டத்தட்ட தட்டையாகிறது.)

உயரத்துக்கு வருவோம், இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். மனையின் உயர்ந்த லெவல் 100 அடி, தாழ்ந்தது 97 அடி. நிஜ விகிதத்தில் வரைய வேண்டுமானால் 3-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும், 5 சதவீதம். 5 போட்டுப் பாருங்கள், பாய் விரித்த மாதிரி கிடக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. இது உண்மையான படம்தான், ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று இதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அதனால் உயரத்தைப் பெரிதாக்குவதில் தப்பே இல்லை, நிலப்படம் வரைகிறவர்கள் காலம் காலமாகச் செய்வதுதான். எத்தனை மடங்கு பெரிதாக்கினோம் என்று நமக்குத் தெரிய வேண்டும், படத்திலும் எழுத வேண்டும்.

ஹைட்டில் 30 போடுகிறேன். 60 அடியில் 30 சதவீதம் 18 அடி. அந்த 18 அடி உயரத்தில் 3 அடி வித்தியாசத்தைக் காட்டுகிறோம், ஆக 6 மடங்கு. இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் செங்குத்து அச்சின் மினிமம் 97, மேக்சிமம் 100 என்று கையால் எழுதிப் பூட்ட வேண்டும். அதை ஆட்டோவில் விட்டு, எக்செல் 95-இலிருந்து தொடங்கினால் 5 அடிக்கு 18 அடி, மடங்கு 3.6 ஆகிவிடும். ஹைட் எண் 30 என்றேதான் இருக்கும், படம் வேறாகியிருக்கும். அதே இடத்தில் மேஜர் யூனிட்டை, அதாவது அச்சில் கோட்டுக்குக் கோடு உள்ள இடைவெளியை, 0.5 ஆக்குங்கள், சர்ஃபேஸ் சார்ட்டின் நிறப் பட்டைகள் அதை வைத்துத்தான் பிரிகின்றன, அரை அடிக்கு ஒரு நிறம் என்று ஆறு பட்டை கிடைக்கும்.

(திரையில்: காலம் சார்ட், அதாவது தூண் சார்ட், பிறகு பை சார்ட்.)

சர்ஃபேஸ் போடாதவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 3-டி காலம் சார்ட்டில் தூண் 100-ஐத் தொட்டாலும் பின் சுவரில் இருக்கிற 100 கோட்டுக்குக் கீழே நிற்கிற மாதிரி தெரியும், காரணம் தூண் சுவரை விட்டுத் தள்ளி நிற்கிறது. ஃபார்மட் டேட்டா சீரிஸில் கேப் டெப்த்தை 0 ஆக்கி, டெப்த்தையும் குறைத்தால் அந்த இடைவெளி பெருமளவு போய்விடும். இங்கே ரைட் ஆங்கிள் ஆக்சிஸ் டிக் இருப்பதுதான் நல்லது.

பை சார்ட் என்றால் முன்னால் வருகிற துண்டுக்குத் தடிமனும் சேர்ந்து தெரிவதால் அது உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். 2008 ஜனவரியில் மேக்வேர்ல்டு மாநாட்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய அமெரிக்க ஸ்மார்ட்போன் சந்தைப் பங்கு பை சார்ட்டில் இது நடந்தது. ஆப்பிள் 19.5 சதவீதம், மற்றவை 21.2 சதவீதம், ஆனால் முன்னால் இருந்த ஆப்பிள் துண்டுதான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆட்டோஸ்கேலை எடுத்துவிட்டு ஹைட்டைக் குறைத்தால் தடிமன் குறையும், ஒய் ரொட்டேஷனைக் கூட்டினால் வட்டம் நிமிரும். இரண்டையும் செய்து முடித்தால் ஏறக்குறைய சாதாரண பை சார்ட்தான் கையில் இருக்கும், அதனால் பை சார்ட்டுக்கு 3-டி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

(திரையில்: மனையின் இரண்டு சார்ட் பக்கத்தில் பக்கத்தில்.)

இப்போது மண் அடித்த பிறகு எடுத்த ரீடிங். புதிதாக ஒரு சார்ட் போட வேண்டாம். நாம் சரி செய்து வைத்த சார்ட்டை அப்படியே காப்பி, பேஸ்ட் செய்து, செலக்ட் டேட்டாவில் புது ரீடிங் இருக்கிற பகுதியை மட்டும் காட்டுங்கள். டெப்த், ஹைட், 97, 100 எல்லாம் கூடவே வந்துவிடும். புது லெவல் 99.4 முதல் 99.9 வரை, அது தட்டையாக மேலே படுத்திருக்கிறது பாருங்கள், ஒரே நிறமாகக்கூட இருக்கிறது, 99.5-க்குக் கீழே இறங்கிய இந்த மூலையில் மட்டும் வேறு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மூலைக்கு இன்னும் கொஞ்சம் மண் வேண்டும். இரண்டு சார்ட்டுக்கும் தலைப்பில் "உயரம் 6 மடங்கு பெரிதாக்கப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டு பிரிண்ட் கொடுங்கள்.