கச்சானின் காலடியில் கடுகு மணி

அன்பான நேயர்களே, வணக்கம்.

போன மாரியில் விசுவமடுப் பக்கம் ஒரு கச்சான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். காய் முற்றுகிற நேரம். நடுத்தோட்டத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குச் செடிகள் மஞ்சளித்துச் சாய்ந்து கிடந்தன. "சேர், ரெண்டு தரம் மருந்தடிச்சிட்டன், நிக்குதில்லை" என்றார் தோட்டக்காரத் தம்பி. குந்தியிருந்து ஒரு செடியின் அடியை விலக்கிப் பார்த்தேன். தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் வெள்ளை நூல் விசிறி போலப் படர்ந்திருந்தது. அதற்குள் கடுகைக் கொட்டினாற்போல மணிகள். சில வெள்ளை, சில மண்ணிறம். நாலைந்தைப் பொறுக்கி அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். "தம்பி, நீங்கள் இலைக்கு அடிச்சிருக்கிறீங்கள். ஆள் இருக்கிறது இங்க."

அந்த ஆளின் பெயர் ஸ்கிளரோசியம் ரொல்ஃப்சி. ஒரு பங்கசு. 1892இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ரொல்ஃப்ஸ் என்ற அறிஞர் தக்காளியில் இதைக் கண்டு எழுதினார். அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. ஐந்நூறுக்கு மேற்பட்ட செடியினங்களை இது தாக்கும். ஒக்சாலிக் அமிலத்தைக் கசியவிட்டு முதலில் தண்டின் கலங்களைக் கொன்றுவிடும், பிறகுதான் நூல் உள்ளே போகும். கடுகு மணி என்று நான் சொன்னது அதன் உறங்கு நிலை. பயிர் இல்லாவிட்டாலும், வெயில் எரித்தாலும், அந்த மணி மேல்மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். காற்றும் ஈரமும் சூடும் கிடைத்து, பக்கத்தில் உதிர்ந்த இலையோ மக்காத எருவோ இருந்தால் முளைத்துவிடும். அந்த இலையைத் தின்று பலம் பிடித்துக்கொண்டே கச்சான் தண்டுக்குத் தாவுகிறது.

இதை நான் என் சொந்தக் காணியில் பட்டுத்தான் படித்தேன். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள் அல்லவா? எருவுக்கு எல்லோரும் அலைந்த நேரம். நானும் பட்டியிலிருந்து எருவை ஏற்றி வந்து, மக்குவதற்குப் பொறுக்காமல், பாதி வைக்கோலும் பாதிச் சாணமுமாகவே பரவி உழுதுவிட்டேன். நாற்பதாம் நாள் கடந்ததும் செடிகள் கூட்டம் கூட்டமாய்ச் சாயத் தொடங்கின. சேதனப் பசளை நல்லதென்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், அதை அரைகுறையாகப் போட்டு நோய்க்குச் சோறு வைத்திருக்கிறேன். மக்கிய எரு வேறு, மக்காத எரு வேறு. கையில் அள்ளினால் சாண மணம் போய் மண் மணம் வரவேண்டும். குவியலுக்குள் கை வைத்தால் சுடக்கூடாது. அதுவரைக்கும் அதைக் கச்சான் தறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நன்றாக மக்கிய எருவில் நமக்காக வேலை செய்கிற உயிர்கள் இருக்கின்றன. அவற்றில் ட்ரைக்கோடெர்மா என்ற பச்சைப் பங்கசு முக்கியமானது. கெட்ட பங்கசின் நூலைக் கொடிபோலச் சுற்றி, அதன் சுவரைக் கரைத்துக் குடித்துவிடும். கடையில் தூளாக வாங்கலாம். ஆனால் வாங்கிய தூளை அப்படியே வெறும் மணலில் தூவினால், தின்ன ஒன்றும் இல்லாமல் அது வெயிலில் செத்துப்போகும். 100 கிலோ மக்கிய எருவுக்கு 1 கிலோ தூள் கலந்து, ஈரமாக்கி, நிழலில் மூடி, இடைக்கிடை புரட்டிக் கொடுங்கள். ஒன்றிரண்டு கிழமையில் எரு முழுக்க அது பரவிவிடும். அந்த நாட்களில் பங்கசுநாசினியை அதன் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது பயிர் மாற்றம். கச்சானுக்குப் பிறகு கௌபி போட்டுவிட்டு "மாத்திப் போட்டனான்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கௌபியும் இந்தப் பங்கசுக்கு விருந்துதான். சோளம் போடுங்கள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குளங்களின் கீழே தண்ணீர் ஏறுகிற காணி என்றால், ஒரு போகம் நெல் விதையுங்கள். வாரக்கணக்கில் நீர் கட்டி நிற்கும்போது மண்ணில் காற்று ஓடாது. காற்றில்லாமல் அந்த மணிகள் பழுதாகிப்போகும், வேரை வீங்கவைக்கிற வேர்முடிச்சு வட்டப்புழுவும் குறையும். மண் அணைக்கும்போதும் கவனம் வேண்டும். இலையையும் கிளையையும் மூடி மண்ணை ஏற்றினால், நோயைத் தண்டோடு நாமே சேர்த்துக் கட்டிவிடுகிறோம்.

கத்தரிக்காரர்களுக்கு ஒரு பரிசோதனை சொல்கிறேன். நேற்றுப் பச்சையாய் நின்ற செடி இன்று மத்தியானம் பச்சை இலையோடே தொங்குகிறதா? அடித்தண்டில் ஒரு சாண் துண்டை வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை நூல் கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். பங்கசுநாசினி அதற்கு ஒன்றும் செய்யாது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். செடியை வேரோடும் அடிமண்ணோடும் கிளறி எடுத்து எரியுங்கள். வாய்க்காலில் எறிந்தால் அயலவரின் தோட்டத்துக்கும் அனுப்பிவைத்தது போலாகும். அந்தப் பாத்தியைக் கடந்த தண்ணீரையும் அடுத்த பாத்திக்கு விடக்கூடாது. அதே இடத்தில் தக்காளி, மிளகாய் வைப்பதும் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம். கத்தரிதான் வேண்டுமென்றால், சுண்டங்கத்தரி அடிக்கட்டையில் ஒட்டிய கன்று இந்த நோயை நன்றாகத் தாங்கும்.

வேரில் முடிச்சைக் கண்டதும் பயப்படுகிறவர்களும் உண்டு. உழுந்து, கச்சான் வேரில் உள்ள முடிச்சை நகத்தால் தட்டுங்கள். கழன்று விழுந்து, நசித்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அது காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துத் தருகிற றைசோபியம் என்ற நல்ல பற்றீரியா குடியிருக்கும் வீடு. கழலாமல் வேரே வீங்கியிருந்தால் வட்டப்புழு.

கடைசியாக நாற்றுமேடை. காலபோகத்துக்குக் கத்தரி, மிளகாய் நாற்றுப் போடுகிறவர்கள் ஆடி, ஆவணி வெயிலை வீணாக்காதீர்கள். மேடையைப் பொடிப்பதமாகக் கொத்தி, எருவும் சேர்த்து, நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவுகிற பொலித்தீனால் மூடுங்கள். கறுப்புத் தாள் சரிவராது. தாள் மண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும், விளிம்பெல்லாம் மண் போட்டு அடைக்க வேண்டும். சோளகக் காற்று ஒரு மூலையைத் தூக்கினாலும் உள்ளே பிடித்த சூடு போய்விடும். நாலு தொடக்கம் ஆறு கிழமை அப்படியே விடுங்கள். நாற்றழுகல் செய்கிற பங்கசுகளில் பெரும்பகுதி அந்தச் சூட்டில் அழியும். தாளை எடுத்த பிறகு மேடையை மறுபடி ஆழக் கொத்த வேண்டாம், சூடு படாத அடிமண் மேலே வந்துவிடும். நான் சொன்ன ட்ரைக்கோடெர்மா எருவை மேலாகத் தூவி, விரலால் கோடு இழுத்து விதையைப் போடுங்கள்.

வணக்கம்.