அந்த ஒரு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளிடம் பாடநூல் இல்லை என்றால் என்ன செய்வோம்? வாங்கிக் கொடுப்போம். 1990களின் நடுவில், கென்யாவின் மேற்குப் பகுதியில் அதைத்தான் செய்தார்கள். ஆனால் 100 பள்ளிகளில் 25 பள்ளிகளுக்கு மட்டும் முதலில் கொடுத்து, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் இன்னும் முன்னேறினார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்கே பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான். இப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால், எத்தனை நூல்கள் வழங்கினோம் என்ற கணக்கோடு அறிக்கை முடிந்திருக்கும். எனக்கு ஆற்றாமை பொங்குவது இந்த இடத்தில்தான்.

அந்த ஆய்வாளர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமர், 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவருடனும் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த இருவரும் இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து ஆராய்ந்த முறை மிக எளியது.

ஒரே ஒரு தாள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு குட்டிக் கதை. ஆசிரியர் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்கிறார். விரல் வைத்து எழுத்துக் கூட்டும் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பிறகு எந்த வகுப்பு என்று பாராமல், எழுத்தில் நிற்பவர்களை ஒரு குழுவாகவும் சொல்லில் நிற்பவர்களை இன்னொரு குழுவாகவும் உட்காரவைத்துக் கற்பிக்க வேண்டும்.

பிகாரிலும் உத்தராகண்டிலும் இந்த முறைக்காக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கற்பித்தல் பொருள்களும் மட்டும் கொடுத்துவிட்டபோது பலன் கிடைக்கவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடி அவர்கள் தலைமேல் இருந்தது.

ஹரியானாவில் 2012-13இல் வேறு விதமாகச் செய்தார்கள். தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள். மேற்பார்வை அலுவலர்கள் முதலில் தாங்களே இந்த முறையில் பாடம் நடத்திப் பழகினார்கள். அதன்பிறகே பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களுக்குத் துணை நின்றார்கள். பிள்ளைகளின் இந்தி வாசிப்பு முன்னேறியது.

கல்வி அலுவலர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஆய்வில் பலித்த ஒரு முறையை ஆணையாக எழுதும்போது, பள்ளியின் கால அட்டவணையையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு எந்தப் பாடவேளை? அதனால் பாடத்திட்டம் பின்தங்கினால் அதற்கு யார் பொறுப்பு? இந்த இரண்டுக்கும் பதிலை ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.