கோடை லீவுல பயிற்சி: 52ல 27 போனா 35ஆ?

வணக்கம்ங்க. மொட்டை மாடியில உக்காந்து பேசுறேன், சாயங்காலம் ஆறு மணி ஆயிடுச்சு, தரை இன்னும் சுடுது. காக்கா சத்தம் நடுவுல வரும், பொறுத்துக்கோங்க.

பக்கத்து வீட்டு அக்கா நேத்து கேட்டாங்க, "ஏன் டீச்சர், புள்ளைங்களுக்கு லீவு விட்டாச்சு, நீங்க எதுக்குப் பைய மாட்டிக்கிட்டுக் கிளம்புறீங்க?"ன்னு. பயிற்சிக்குப் போறோம்க்கானு சொன்னேன். "பதினாலு வருஷமா பாடம் நடத்துறீங்க, இன்னும் என்ன பயிற்சி?"ன்னாங்க. அவங்களுக்கு வாசல்ல நின்னு முழுசா பதில் சொல்ல முடியல. அதான் இந்த வீடியோ.

எங்களுக்குப் பயிற்சி எப்படி வருதுன்னு மொதல்ல சொல்லிடுறேன். சென்னையில மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கு, கையேடெல்லாம் அங்க தயாராகும். அங்க மாநிலக் கருத்தாளர்களுக்கு, அதாவது எங்களுக்குப் பயிற்சி குடுக்குறவங்களுக்கு நடக்கும், அவங்க மாவட்டத்துல இருக்குற ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட்டுல நடத்துவாங்க, அங்க இருந்து வட்டார வள மையம், அப்புறம்தான் நாங்க. படி இறங்கி இறங்கி வரும். ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் சிந்தும். செல்போன்லயும் இருக்கு, மத்திய அரசோட கல்விச் செயலியான தீக்‌ஷா 2017ல வந்துச்சு, நிஷ்தாங்குற தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டம் 2019ல நேரடியா ஆரம்பிச்சு, 2020ல அந்தச் செயலிக்கு வந்துச்சு. 2020 தேசியக் கல்விக் கொள்கையில ஒரு ஆசிரியர் வருஷத்துக்குக் குறைஞ்சது 50 மணி நேரம் பயிற்சி எடுத்துக்கணும்னு எழுதியிருக்கு. மணி நேரக் கணக்கு இருக்கட்டும். அந்த மணி நேரத்துல என்ன நடக்குதுங்குறதுதான் என் கவலை.

2022 ஜூன் ஞாபகம் இருக்கா? கொரோனா முடிஞ்சு எண்ணும் எழுத்தும் ஆரம்பிச்ச நேரம். 2025க்குள்ள எட்டு வயசுக்குட்பட்ட எல்லாப் புள்ளையும் எழுதப் படிக்கணும், அடிப்படைக் கணக்கு போடணும்னு திட்டம். ஒண்ணு, ரெண்டு, மூணாம் வகுப்புப் புள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு அவங்கவங்க நிலைக்கு ஏத்த மாதிரி உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கணும். மூணாம் வகுப்புக்கு வந்த புள்ள ஒண்ணாம் வகுப்புல ஒரு நாள் கூட பள்ளிக்கூடத்துல ஒழுங்கா உக்காந்திருக்காது. எங்க எல்லாருக்குமே அப்ப உள்ளுக்குள்ள பயம்தான்.

பள்ளிக்கூடம் திறக்குறதுக்கு முன்னாடி எங்களுக்கு அஞ்சு நாள் பயிற்சி. அதுல ஒரே ஒரு மத்தியானம் பத்தி மட்டும் விரிவா சொல்றேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம், எல்லாருக்கும் கண்ணு சொக்குற நேரம். கருத்தாளரா வந்த டீச்சர் எங்கள மாதிரி ஒரு தொடக்கப் பள்ளியில வேலை பாக்குறவங்க. கையில ஒரு பழைய கோடு போட்ட நோட்டு. அதுல இருந்து ஒரு கணக்கைக் கரும்பலகையில எழுதினாங்க. 52 கழித்தல் 27, விடை 35. "இந்தப் புள்ள ஏன் 35னு எழுதியிருக்கு?"ன்னு கேட்டாங்க.

"கவனக்குறைவு", "வாய்ப்பாடு தெரியல", "வீட்டுல பாக்குறதில்ல". நானும் கவனக்குறைவுன்னுதான் சொன்னேன். அவங்க அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க. 41ல 18 போனா 37. 63ல 29 போனா 46. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சிருக்கு. எல்லாக் கணக்குலயும் மேல கீழ பாக்காம பெரிய இலக்கத்துல இருந்து சின்ன இலக்கத்தைக் கழிச்சிருக்கு. அந்தப் புள்ள கவனமாத்தான் போட்டிருக்கு. தானா ஒரு விதியைக் கண்டுபிடிச்சு, ஒரு இடத்துல கூட மாறாம அதையே பின்பற்றியிருக்கு. நான் எத்தனை நோட்டுல அந்த மாதிரிக் கணக்குக்கு சிவப்பு மையில பெருக்கல் குறி போட்டுக் குடுத்திருப்பேன்னு நெனச்சேன். தொண்டை அடைச்சிடுச்சு.

அப்புறம் ஆளுக்கு ஒரு கட்டு ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் குடுத்தாங்க. பத்துப் பத்தா கட்டச் சொன்னாங்க. 52க்கு அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. ஏழு எடுக்கணும், ரெண்டுதான் இருக்கு, என்ன செய்வீங்க? ஒரு கட்டைப் பிரிக்கணும். பிரிச்சா நாலு கட்டு, பன்னெண்டு உதிரி. ஏழு உதிரியை எடுத்தா மிச்சம் அஞ்சு, ரெண்டு கட்டை எடுத்தா மிச்சம் ரெண்டு கட்டு. 25.

அப்ப ஒரு சார் எழுந்தாரு. "நாம 'கடன் வாங்கு'ன்னு சொல்லித் தர்றோம். எங்க வகுப்புல ஒரு பொண்ணு, 'கடன் வாங்கினா எப்ப சார் திருப்பிக் குடுப்பாங்க?'ன்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல"ன்னாரு. எவ்வளவு நியாயமான கேள்வி பாருங்க. அந்த டீச்சர் சொன்னாங்க: "இங்க யாரும் யாருக்கும் கடன் குடுக்கல சார். பத்து ரூபா நோட்டைக் குடுத்து சில்லறை மாத்துறோம், மொத்தப் பணம் அப்படியேதான் இருக்கு." நம்ம புத்தகத்துல இனமாற்றம்னு போட்டிருக்கு இல்லையா, அந்தச் சொல்லோட அர்த்தமே எனக்கு அன்னைக்குத்தான் முழுசா விளங்குச்சு.

அதோட விடல. 302ல 148னு அடுத்த கணக்கு. நடுவுல பூஜ்ஜியம். "அது 9 ஆயிடும்"னு எல்லாருமே சொன்னோம். "ஏன் 9?"ன்னு கேட்டதும் கூடமே அமைதி. நூறு குச்சிப் பெருங்கட்டு ஒண்ணைப் பிரிச்சுப் பத்து சின்னக் கட்டாக்கி, அதுல ஒண்ணை உதிரியாக்கினா மிச்சம் ஒன்பது கட்டு. தரையில உக்காந்து கையால பிரிச்சப்பதான் அந்த 9 எங்க இருந்து வருதுன்னு பாத்தேன். நாப்பத்திரண்டு வயசுல.

அக்காவுக்கு என் பதில் அதுதான்.

எல்லாப் பயிற்சியும் இப்படி இருக்கிறதில்லைங்க. அதையும் சொல்லணும். இன்னொரு வருஷம் ஒரு ஊர்ல போய் உக்காந்தோம், பேரு வேண்டாம். ஒரே கூடத்துல அவ்வளவு பேர், திரையில ஓடுற வரியை அப்படியே வாசிச்சாங்க, கையெழுத்து வாங்கினாங்க, போட்டோ எடுத்தாங்க. கைக்குழந்தைய அம்மா வீட்டுல விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி வந்த டீச்சர் ஒருத்தங்க என் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அவங்களோட அந்த நாளுக்கு யார் பதில் சொல்றது? எனக்குக் கோவம் வந்துச்சு, இப்பவும் வருது. லீவு நாளை ஆசிரியர்கிட்ட இருந்து எடுத்தா, அதுக்கு ஈடா வகுப்புக்குக் கொண்டு போற மாதிரி ஒண்ணு கையில குடுக்கணும்.

பயிற்சி நடத்துறவங்க யாராவது பாக்குறீங்கன்னா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன். புள்ளைங்க நோட்டுல இருந்து ஆரம்பிங்க. எங்களையும் ஆளுக்கு ரெண்டு நோட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. தப்பான விடைய நடுவுல வெச்சுப் பேச ஒரு மணி நேரம் குடுங்க. அப்புறம் ஜூலையில ஒரு நாள் எங்க வகுப்புக்கு வந்து பக்கத்துல உக்காருங்க. குறை கண்டுபிடிக்க வேணாம், அந்தக் குச்சிக்கட்டு நிஜமா வேலை செய்யுதான்னு சேர்ந்து பாப்போம்.

திங்கக்கிழமை எனக்குப் பயிற்சி இருக்கு. இதோ பாருங்க, நாலு நோட்டு எடுத்து வெச்சிருக்கேன், பேரு தெரியக் கூடாதுன்னு அட்டைய மூடிட்டேன். இந்தப் பக்கம்... கொஞ்சம் கிட்டக்க காட்டுறேன். 305ல 17 போனா 312ன்னு எழுதியிருக்கான். அஞ்சுல ஏழு போகாதுன்னு ஏழுல அஞ்சைக் கழிச்சு 2 போட்டது தெரியுது. ஆனா பூஜ்ஜியத்துக்குக் கீழ 1 அப்படியே வந்திருக்கு பாருங்க, 3 மாறவே இல்ல. இதுவும் அதே விதிதானா, இல்ல பூஜ்ஜியத்துக்குன்னு தனியா ஏதாவது வெச்சிருக்கானா? அவனைக் கேட்டாத்தான் தெரியும், அவன் இப்ப பாட்டி ஊருக்குப் போயிருக்கான். திங்கக்கிழமை இந்த நோட்டை நடுவுல வெச்சுக் கேக்கப் போறேன். உங்களுக்கு என்ன தோணுதுன்னு நீங்களும் சொல்லுங்க.