எழுதிக் கொடுத்தால் உறவு கெடாது

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். வணிகரை வணிகரோடு சேர்த்து வைப்பது ஒப்பந்தமா, உறவா என்ற கேள்விக்கு, ஒப்பந்தமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், கொழும்பின் மொத்த வியாபாரச் சந்தையான புறக்கோட்டையில் வாய்ச்சொல்லை நம்பித்தான் சரக்கு கைமாறுகிறது என்றார். உண்மைதான். நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பு மூட்டை லொறியில் ஏறும்போது யாரும் சட்டத்தரணியைத் தேடுவதில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டுவர்ட் மெக்காலே 1963இல் வெளியிட்ட ஆய்வையும் துணைக்கு அழைத்தார்: விஸ்கொன்சின் வணிகர்கள் தகராறு வந்தால் ஒப்பந்தத்தைக் கையில் எடுப்பது அரிது, பேசியே தீர்த்துக்கொள்கிறார்கள் என்று. சரி. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. என்ன சரக்கு, என்ன விலை என்பதை அவர்கள் பெரும்பாலும் தெளிவாகவே பேசி வைத்தார்கள். காரியம் பிழைத்தால் என்ன செய்வது என்பதைத்தான் பலரும் பேசாமல் விட்டார்கள்.

பேசாமல் விட்ட அந்த இடத்தில்தான் 2022இல் நமக்கு அடி விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. இறக்குமதிச் சரக்குக்குப் பணம் தர வங்கி பொறுப்பேற்கும் கடிதமான எல்.சி. திறக்க, வங்கிகளில் டொலர் இல்லை. பழைய விலைக்குத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த இறக்குமதியாளர் என்ன செய்வார்? கொடுத்தால் அவர் முதல் போய்விடும். கொடுக்காவிட்டால் வாங்க இருந்தவர் கடையை மூட வேண்டும். இருவருமே நல்லவர்கள்தான், ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறியிருப்பார். அந்த அன்பு எவ்வளவு பெரிதானாலும், நட்டத்தில் யாருக்கு எவ்வளவு என்று அதனால் சொல்ல முடியாது. "டொலர் இன்ன அளவைத் தாண்டினால் கூடுதல் செலவு ஆளுக்குப் பாதி" என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருந்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியிருக்க வேண்டாம். முதலாளி திடீரென்று கண்மூடிவிட்டாலும் இதே கதைதான். அவர் கொடுத்த வாக்கு மகனுக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் விட என் மனதை உறுத்துவது வேறொன்று. உறவு உறவு என்கிறோமே, அது யாருக்கு இருக்கிறது? அப்பாவும் மாமாவும் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த பிள்ளைக்குக் கேட்டவுடன் கடனுக்குச் சரக்கு கிடைக்கும். மலையகத்து ஹற்றனிலிருந்து வந்து, மிளகாய்த்தூள் அரைத்துக் கடைகளுக்குப் போடத் தொடங்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு இங்கே மாமா இல்லை, கூடப் படித்த முதலாளி இல்லை. மாதம் இத்தனை கிலோ எடுப்போம், முப்பது நாளில் பணம் தருவோம் என்று கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தால், அதைக் காட்டி அவள் வங்கியில் பேசலாம், மிளகாய் மொத்த வியாபாரியிடம் தவணை கேட்கலாம். பணம் இழுபட்டால் தாளை எடுத்துக்கொண்டு போய்த் தலைநிமிர்ந்து கேட்கலாம்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர், அந்தத் தாள் இல்லாமல் எந்த உறவு அவளைப் புறக்கோட்டைக்குள் விடும் என்று இந்தச் சபைக்குச் சொல்லட்டும்.